மானாமதுரைக் குவளையில் ஒரு டேனியல் மின்கலம்

"பேரு நேர்மின்வாய். ஆனா பக்கத்துல மைனஸ் போட்டிருக்கீங்க. எது டீச்சர் சரி?"

பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியல் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு மாணவி எழுந்து இப்படிக் கேட்டாள். பாடம் நடத்திய இத்தனை வருஷத்தில் இதே கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எப்போதும் வந்திருக்கிறது. "கால்வானிக் கலத்தில் குறி மாறும், மனப்பாடம் செய்துகொள்" என்று சொல்லி நகர்ந்திருக்கிறேன். அந்தப் பதில் எனக்கே பிடித்ததில்லை.

சிக்கல் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். மின்னாற்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி வேதிவினை நடத்தும்போது, ஆக்ஸிஜனேற்றம் (எலக்ட்ரானை விடும் வினை) நடக்கும் மின்வாயை வெளி மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கிறோம். அதை நேர்மின்வாய் என்கிறோம், பொருந்துகிறது. டேனியல் கலம் வேதிவினையால் தானே மின்சாரம் தரும் கால்வானிக் கலம், அதில் ஒரு துத்தநாகத் தகடும் ஒரு செம்புத் தகடும் இருக்கும். அங்கே ஆக்ஸிஜனேற்றம் நடப்பது துத்தநாகத் தகட்டில். அதையும் நேர்மின்வாய் என்றே சொல்கிறோம், ஆனால் அங்கே குறி எதிர். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆனோடு வெறும் பெயர், அதற்குள் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. தமிழ் வழிப் பிள்ளைக்கோ சொல்லின் முதல் எழுத்திலேயே குறி உட்கார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அனோட்டு, கதோட்டு என்று அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தச் சொற்களை உலகுக்குத் தந்த மைக்கேல் பாரடே குறியைத் தவிர்க்கத்தான் நினைத்தார். 1834இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலிடம் கடிதம் வழியாகக் கலந்து பேசி, கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்தார். ஒன்றுக்கு மேலேறும் வழி என்று பொருள், மற்றதற்குக் கீழிறங்கும் வழி.

சரி, சொல்லால் வந்த குழப்பத்தைச் சொல்லால் தீர்க்க வேண்டாம், இரண்டு வகைக் கலத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒன்றை வைத்து மற்றதை ஓட்டிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கிய பேட்டரியோ, வீட்டு மின்சாரத்தில் ஓடும் எலிமினேட்டரோ கூடாது. நாங்கள் செய்த டேனியல் கலம், நாங்கள் செய்த மின்னாற்பகுப்புக் கலத்தை ஓட்ட வேண்டும். இரண்டு வாரம் பிடித்தது.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) ஜிங்க் சல்பேட்டும் உரக்கடையிலேயே கிடைத்தன. ஜிங்க் சல்பேட்டை நெல் வயலுக்குப் போடுவார்கள், மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக அடிப்பார்கள். ஆய்வகத்தில் இருந்த நல்ல சரக்கு செய்முறைத் தேர்வுக்கு வேண்டும் என்பதால் அதைத் தொடவில்லை. மயில்துத்தம் 125 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மோலார் கரைசல். ஜிங்க் சல்பேட் என்றால் அரை லிட்டருக்கு 144 கிராம். உரக்கடைச் சரக்கில் அடியில் சேறு மாதிரி தங்கியது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து இரண்டு முறை வடிகட்டினோம். வடித்த மயில்துத்தக் கரைசல் ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வளவு அழகான நீலம், பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செம்புத் தகடு பாத்திரக்கடையில் வெட்டுத்துண்டாக எடைக்குக் கிடைத்தது. துத்தநாகத்துக்குத் தீர்ந்துபோன பெரிய டார்ச் பேட்டரிகளைப் பிரித்தேன். கையுறை போட்டு, நானே பிரித்தேன், பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. மேலுறையை உரித்தால் உள்ளே இருக்கும் குவளைதான் துத்தநாகம், நடுவில் இருக்கும் குச்சி கார்பன், இடையில் இருக்கும் கறுப்பு மாவில் மாங்கனீசு டைஆக்சைடு. இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'ஆல்கலைன்' என்று போட்டிருக்கும் பேட்டரியைப் பிரிக்கவே கூடாது. அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலையும் கண்ணையும் அரித்துவிடும். துத்தநாகக் குவளையை வெட்டி விரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வந்த பிறகு நாலு விரல் அகலப் பட்டைகளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் புத்தகத்தில் உள்ளபடியே செய்தோம். இரண்டு பீக்கர், நடுவில் உப்புப்பாலம், அதாவது கரைசல்கள் கலக்காமல் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) கடந்துபோக ஒரு வழி. வடிதாளைப் பட்டையாக மடித்து, பொட்டாஷ் உரக் கரைசலில் நனைத்து, இரண்டு பீக்கருக்கும் குறுக்கே தொங்கவிட்டோம். மல்டிமீட்டர் 1.07 வோல்ட் காட்டியது. கணக்கில் வருவது 1.10. அட்டவணையில் உள்ள மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வகுப்பே கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கலத்தைத் தொடராக இணைத்துச் சிவப்பு எல்இடி ஒன்றை மாட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு புள்ளி வெளிச்சம், தாள் காயக் காய அதுவும் போய்விட்டது.

ஒற்றைக் கலத்தை மில்லிஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தேன். 2.4. வோல்ட் இருக்கிறது, ஓட்டம் இல்லை. வோல்ட்மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது, அதனால் அதற்குப் பாலம் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் கவலையில்லை. வேலை வாங்க வேண்டும் என்றால் அயனிகள் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு நனைந்த காகிதப் பட்டை வழியாக எத்தனைதான் போகும்?

அடுத்து அகர் அகர். கடல்பாசி என்று மளிகைக்கடையில் விற்பதை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் காய்ச்சி, மீன்தொட்டிக் குழாயில் ஊற்றி ஆறவிட்டு, வளைத்து வைத்தோம். முதல் குழாயில் நடுவே காற்றுக்குமிழி ஒன்று சிக்கிக்கொண்டு ஓட்டம் சுத்தமாக அறுந்துபோனது. இரண்டாவது வேலை செய்தது. ஆனால் 5 மில்லிஆம்பியரைத் தாண்டவில்லை. இதை வைத்து ஒரு ஸ்பூனில் செம்பு ஏற்ற வேண்டும் என்றால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அன்று இரவுதான் டேனியல் இதை எப்படிச் செய்தார் என்று தேடிப் படித்தேன். 1800இல் வோல்டா செய்த அடுக்கில் செம்பின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்திலேயே ஓட்டம் சரிந்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் ஜான் பிரெடரிக் டேனியல் 1836இல் இரண்டு திரவங்களை வைத்தார், ஒன்றோடொன்று கலக்காமல் பிரிக்க மாட்டின் உணவுக்குழலைப் பயன்படுத்தினார். பிறகு அந்த இடத்துக்கு நுண்துளை உள்ள மண் குவளை வந்தது. புத்தகப் படத்தில் இருக்கும் இரண்டு பீக்கரும் உப்புப்பாலமும் விளக்கம் சொல்ல வசதியான வடிவம். தந்தி நிலையங்களில் மண் குவளை வைத்த கலங்கள் வேலை பார்த்தன.

மண் குவளை! நாங்கள் இருப்பது சிவகங்கை மாவட்டம். கடத்துக்குப் பேர்போன மானாமதுரை எங்கள் மாவட்டத்து ஊர்.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சக்கரத்தில் இருந்தவரிடம், "அண்ணே, டீ கிளாஸ் அளவுல குவளை வேணும், ஆனா லேசாத் தண்ணி கசியணும்" என்றேன்.

அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கசியணுமா? எல்லாரும் கசியக் கூடாதுன்னுதான் டீச்சரம்மா கேப்பாக."

விஷயத்தைச் சொன்னேன். வேதியியல் எதுவும் சொல்லவில்லை. உள்ளே ஒரு தண்ணீர், வெளியே ஒரு தண்ணீர், இரண்டும் கலந்துவிடக் கூடாது, ஆனால் சுவர் ஈரமாக இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தண்ணீர்ப் பானை குளிர்வதே சுவர் வழியாகக் கசிந்து ஆவியாவதால்தானே. சூளையில் வேக்காடு குறைந்தால் குவளை தண்ணீரில் கரைந்துவிடும், அதனால் முழுசாக வேகவிடுவதாகவும், மேலே தேய்த்து மெருகு மட்டும் போடாமல் விடுவதாகவும் சொன்னார். மணல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் எட்டுக் குவளை வந்தது. சுவர் நாலு மில்லிமீட்டர் இருக்கும். கையில் எடுத்து நாக்கில் தொட்டால் ஒட்டியது. நுண்துளை இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. உப்பில் போடுவதற்கு முன்பு, புதுக் குவளையில் மட்டும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

உள்ளே ஜிங்க் சல்பேட்டும் துத்தநாகப் பட்டையும். வெளியே பீக்கரில் மயில்துத்தக் கரைசல், குவளையைச் சுற்றி வளைத்த செம்புத் தகடு. இணைத்தேன். மீட்டர் 0.3, 0.7, 0.5 என்று அலைந்தது. கொஞ்சம் கலங்கித்தான் போனேன். பிறகுதான் புரிந்தது, சுவர் இன்னும் உள்வரை நனையவில்லை. குவளைகளை ஜிங்க் சல்பேட் கரைசலில் மூழ்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முதல் பீரியடில் மறுபடி இணைத்தோம். 1.08 வோல்ட், அசையாமல் நின்றது. மில்லிஆம்பியருக்கு மாற்றினேன். 150.

காகிதப் பாலத்தில் 2.4, மண் குவளையில் 150. அறுபது மடங்கு. உலோகம் அதேதான், கரைசல் அதேதான், வோல்ட்டும் ஏறக்குறைய அதேதான். மாறியது அயனிகள் நடக்கும் பாதையின் அகலம் மட்டும். மின்கலத்துக்குள்ளேயே ஓட்டத்தைத் தடுக்கும் உள்மின்தடை என்று பத்தாம் வகுப்பு இயற்பியலுக்குப் பிறகு நான் வாயெடுத்துச் சொல்லாத ஒரு விஷயம் அன்று தானாகவே வகுப்புக்குள் வந்தது.

மூன்று கலத்தைத் தொடராக இணைத்ததில் 3.2 வோல்ட் வந்தது. இனி மின்முலாம்.

முதல் ஆசை எல்லோருக்கும் எவர்சில்வர் ஸ்பூன்தான். மயில்துத்தக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் கொஞ்சம் சேர்த்து, ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் ஸ்பூன். பத்து நிமிஷத்தில் ஸ்பூன் ரோஜா நிறத்துக்கு வந்தது. வெளியே எடுத்துத் துணியால் துடைத்தால் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது, செம்பு உலோகத்தைத் தொடவே இல்லை, அந்தப் படலத்தின்மேல்தான் உட்கார்ந்தது. அடுத்து ஒரு பையன் இரும்புச் சாவியைப் போட்டான். கம்பியை இணைப்பதற்கு முன்பே அது சிவந்துவிட்டது! இரும்பு கரைந்து செம்பை வெளியே தள்ளும் இடப்பெயர்ச்சி வினை அது, மின்சாரமே தேவையில்லை. அந்தச் செம்பு சேறு மாதிரி, விரலால் தொட்டாலே வந்துவிடும். கடைசியில் ஒரு பழைய பித்தளைச் சாவியைப் புளி போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப்பசை போக்கி, அதன்பின் கையால் தொடாமல் கம்பியில் கட்டி இறக்கினோம். அதில் பிடித்த செம்பு நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது முலாம் இல்லை, எடை. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கியிருந்தேன். மின்னாற்பகுப்புக் கலத்தில் இரண்டு பக்கமும் செம்புத் தகடு. மூன்று டேனியல் கலங்களின் துத்தநாகமும் செம்பும். ஆக மொத்தம் எட்டுத் தகடு. எல்லாவற்றையும் காயவைத்து, எடைபோட்டு, எண் எழுதிவிட்டு ஓடவிட்டோம். ஒரு குழு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதியது. 0.14 ஆம்பியரில் தொடங்கி 0.10 வரை மெல்ல இறங்கியது. 90 நிமிஷம் கழித்துக் கம்பியைக் கழற்றினோம். சராசரி 0.115 ஆம்பியர். அதை 5,400 விநாடியால் பெருக்கினால் 621 கூலும் மின்னூட்டம். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,500 கூலும், செம்புக்கு இரண்டு எலக்ட்ரான். அப்படியானால் படிய வேண்டிய செம்பு 0.204 கிராம்.

தராசில் வந்தது 0.20.

ஒரு நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு டேனியல் கலங்களின் செம்புத் தகடுகளை எடை போட்டார்கள். 0.20, 0.20, 0.19. வரிசையாக ஒரே ஓட்டம் போனதால் எல்லா இடத்திலும் ஒரே அளவு செம்பு. படியும் எடை செலுத்திய மின்னூட்டத்தைப் பொறுத்தது என்ற பாரடே விதியை நான் கரும்பலகையில் எழுதியபோது யாரும் இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

துத்தநாகம்தான் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 0.21 கிராம் குறைய வேண்டும். குறைந்ததோ 0.27, 0.31, 0.25. காரணம் பட்டையிலேயே தெரிந்தது. மேலெல்லாம் கறுப்புக் கறையாகப் படிந்திருந்தது, தேய்த்தால் கரி மாதிரி கையில் ஒட்டியது. குவளைச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்த செம்பு அயனிகள் துத்தநாகத்தின்மேல் நேரடியாகப் படிந்துவிட்டன. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியாக வரவே இல்லை, மீட்டருக்குத் தெரியாமலே போய்விட்டன. பேட்டரித் துத்தநாகத்தில் இருக்கும் கலப்பும் கொஞ்சம் காரணமாக இருக்கும். அந்தக் காலத்தில் துத்தநாகத்துக்குப் பாதரசம் பூசி இந்தத் தேய்மானத்தைக் குறைத்தார்கள். பள்ளியில் பாதரசத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வந்தேன். பெயரட்டை எழுதாத எட்டுத் தகடும் மேசையில் கிடந்தன. "எடை குறைஞ்ச தகட்டையெல்லாம் ஒரு பக்கம் வை, கூடினதை ஒரு பக்கம் வை" என்றேன். அவளே பிரித்தாள். குறைந்தவை மூன்று துத்தநாகம், ஒரு செம்பு. குறைந்த தகடுகளில் அணு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் இறங்கியிருக்கிறது, அது ஆக்ஸிஜனேற்றம், நாம் நேர்மின்வாய் என்று பெயர் வைத்த இடம். கூடிய தகடுகளில் ஒடுக்கம், அயனி எலக்ட்ரானை வாங்கி உலோகமாகப் படிந்திருக்கிறது. பிறகு கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொன்னேன். டேனியல் வரிசையின் கடைசித் துத்தநாகத்திலிருந்து கிளம்பிய கம்பி, மின்னாற்பகுப்புக் கலத்தில் செம்பு படிந்த தகட்டில் போய் முடிந்தது.

"இங்க எலக்ட்ரானை வெளிய தள்ளுது, அதனால இது மைனஸ். அங்க எலக்ட்ரானை வாங்கிக்குது, அதுவும் மைனஸ்தான். கம்பி ஒண்ணுதானே டீச்சர்!"

ஆமாம், கம்பி ஒன்றுதான். ஒரே கம்பியின் இரண்டு முனைக்கும் ஒரே குறி. வினை மட்டும் ஒரு முனையில் ஆக்ஸிஜனேற்றம், மறுமுனையில் ஒடுக்கம். அவள் நோட்டில் நேர்மின்வாய் என்பதை அடித்துவிட்டுக் 'கரையும் பக்கம்' என்று எழுதிக்கொண்டாள். தேர்வில் அப்படி எழுத முடியாது, ஆனால் அவள் மனதுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெயரும் எல்லா இடத்துக்கும் செல்லாது என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த நாள் கல்லுப்புக் கரைசலில், பேட்டரியிலிருந்து எடுத்த இரண்டு கார்பன் குச்சிகள். இரண்டு டேனியல் கலத்தை இணைத்தபோது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குமிழி எதுவும் வரவில்லை. மூன்றாவதைச் சேர்த்ததும் ஒரு குச்சியில் நுரை மாதிரி பொங்கியது. உப்பு நீரைப் பிரிக்கச் சுமார் 2.2 வோல்ட் தேவை, இரண்டு கலம் தருவது 2.15தான். ஒரு பக்கம் ஹைட்ரஜன். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் குங்கும நிறமாக மாறியது, அங்கே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்துகொண்டிருக்கிறது. மறுபக்கம் பிளீச்சிங் பவுடர் வாடை, குளோரின். ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். கார்பன் குச்சி கரையவில்லை, குளோரைடு அயனிதான் எலக்ட்ரானை விட்டது. அவள் நோட்டில் மறுபடி அடித்து, 'எலக்ட்ரானை விடும் பக்கம்' என்று மாற்றினாள். இந்தச் சோதனையில் சிலர் எவர்சில்வர் ஸ்பூனை இரண்டு பக்கமும் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நேர்முனையில் இருக்கும் எவர்சில்வர் கரைந்தால் ஆறு இணைதிற குரோமியம் தண்ணீருக்கு வரலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு.

வேலை முடிந்ததும் மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவில்லை, குளத்துக்குப் போனால் மீன் செத்துவிடும். இரும்புக் கம்பிநாரையும் துருப்பிடித்த ஆணிகளையும் போட்டு மூன்று நாள் வைத்தோம். நீலம் முழுசாக வெளுத்து, அடியில் செம்புப் பொடி தங்கியது. இரும்புச் சாவியைக் கெடுத்த அதே வினை இங்கே உதவியது.

ஒரு பையன், "இதையே வேலையாப் பாக்கிறவங்க இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டான். காரைக்குடி பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நடப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், எல்லோரும் செக்ரி என்று சொல்லும் இடம், நம் மாவட்டத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது என்றேன். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துத் துருப்பிடிப்பதை அவர்கள் ஆராய்வதையும் சொன்னேன். துருவும் ஒரு குட்டி மின்கலம்தான்.

எட்டுக் குவளையில் ஒன்று போய்விட்டது. கழுவாமல் ஜன்னல் ஓரம் வைத்த குவளை, வெள்ளிக்கிழமை ஈரமாக இருந்தது, திங்கட்கிழமை வந்து பார்த்தால் நடுவே கீறல் விட்டிருந்தது. கீறல் முழுக்க நீலப் படிகம். நுண்துளைக்குள் இருந்த கரைசல் காய்ந்து, படிகம் வளர்ந்து, சுவரையே பிளந்துவிட்டது. மற்ற ஏழையும் நன்றாகக் கழுவித் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

போன வாரம் மானாமதுரைக்கு மறுபடி போன் செய்தேன். துத்தநாகம் கறுப்பதைக் குறைக்கச் சுவர் கனமாக வேண்டும், ஓட்டம் வேண்டுமென்றால் மெலிதாக வேண்டும். எது எவ்வளவு என்று தெரிய, ஆறு குவளை கனமாகவும் ஆறு மெலிதாகவும் கேட்டிருக்கிறேன். "எல்லாமே கசியணும்ல டீச்சரம்மா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். பொங்கல் வேலை முடிந்ததும் சூளையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.